நெசவாளருக்கு உபந்நியாசம் செய்தவர்கள்

மகேந்திரவர்ம பல்லவன் குன்றைக் குடைந்து அவனிபாஜன பல்லவேச்சுரம் என்னும் ஆலயத்தைச் சமைத்த சீயமங்கலத்துக்கு அண்மையில், வந்தவாசி வட்டத்தில், தேசூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஆரணிப் பட்டு என்று கடைகளில் பெயர் சொல்லி விற்கப்படும் புடவைகள் யாவும் ஆரணி நகரத்தின் எல்லைக்குள்ளேயே நெய்யப்படுபவை அல்ல. நகரத்து முதலாளியிடம் பட்டும் ஜரிகையும் நிறுத்து வாங்கிச் சென்று, தங்கள் வீட்டுக் குழித்தறியில் நெய்து முடித்து, மீண்டும் நிறுத்துக் கொடுத்துக் கூலி பெறும் குடும்பங்கள் சுற்று வட்டாரம் முழுதும் பரவியிருப்பதால், ஆரணியின் பெயருக்குரிய புகழில் தேசூரைப் போன்ற ஊர்களுக்கும் உரிய பங்கு உண்டு.

அந்தத் தறிகளுக்கு வெகு தூரத்தில், பெருநகரங்களில் இந்நாளில் ஒரு புதிய ஜீவனம் வளர்ந்து வருகிறது. தொழிலகங்களில் வேலை செய்வோர் புதிய கருவிகளை எவ்வாறு பயில வேண்டும், அப்பயிற்சிக்கு விளையாட்டு எவ்வளவு உபயோகமாகும், கணிப்பொறி எவ்வளவு துணைசெய்யும் என்பவற்றை மாநாட்டு மண்டபங்களில் எடுத்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட உபந்நியாசகர்கள் தோன்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு அழைப்பும் சன்மானமும் கிடைக்கின்றன. கேட்பதற்கும் மக்கள் திரளுகிறார்கள். ஆனால் உழைக்கும் மக்களிடம் சென்று புதிய கருவியைப் பற்றிப் பேசுவது இன்று நேற்று வந்த வழக்கமன்று. நம் நாட்டில் அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அந்தப் பேச்சை முதன்முதலில் கேட்டவர்களுள் நெசவாளர் முக்கியமானவர்.

அதற்கு முன்னால் நெசவாளர் எவ்வாறு கற்றார் என்பதை அறிய வேண்டும். குழித்தறிக்கு அருகில் பிறந்த குழந்தைக்குக் கல்வியைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்ததில்லை. தார் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, விடியற்காலையில் தெருவில் நீளமாக விரித்த பாவின் ஒரு முனையைப் பிடித்து நிற்பது என்று சிறிய வேலைகளிலிருந்து அது தொடங்கியது. பட்டு நெசவில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும் கோர்வைப் புடவைக்கு, குறுக்கிழையைக் கொண்டு செல்லும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். அதனால் தறியில் தகப்பனுக்குப் பக்கத்தில், கரை ஓரமாக, நாடாவை வாங்கித் திருப்பித் தருவதற்கு ஒரு சிறுவன் உட்கார்ந்தான். வருஷக்கணக்கில் அவ்வாறு உட்கார்ந்தவனுக்கு, எந்த மிதியை எப்போது மிதிக்க வேண்டும், அச்சை எவ்வளவு பலத்தோடு அடிக்க வேண்டும் என்பன சொல்லாமலே விளங்கின. பட்டினத்துக் கல்வியாளர் சிலர் இம்முறையை மிகவும் சிலாகித்துப் பேசுவதுண்டு. என் மனம் அதில் முழுதும் ஒப்பவில்லை. கரை ஓரத்தில் உட்கார்ந்த அந்தச் சிறுவன் பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிக்காமலே வளர்ந்தான் என்பதும், அவன் கற்ற வித்தைக்கு அவனுடைய பால்யமே விலையாயிற்று என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

அம்முறையில் இன்னொரு குறையும் இருந்தது. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு ஆதாரமானது அதுவே. பட்டுத்தறியில் பிழை செய்வதற்கு இடமில்லை. ஒரு பாவில் இரண்டு மூன்று புடவைகள் நெய்வார்கள்; ஒரு புடவை முடியப் பத்து நாளாகும், வேலைப்பாடு மிகுந்தால் அதற்கு மேலும் ஆகும். பட்டு முதலாளியுடையது, எடை குறைந்தாலோ கரை நொய்ந்தாலோ குற்றம் நெய்தவனுடையது, அதன் நஷ்டம் கூலியில் பிடிக்கப்படும். இந்த ஏற்பாட்டுக்குள் வாழும் ஒருவன், தகப்பன் காட்டிய வழியை விட்டு இம்மியும் விலகாமல் இருந்தால், அதை மூடத்தனம் என்று சொல்வது பெரிய அநீதி. புதியதைப் பரீட்சிக்கும் உரிமை நஷ்டத்தைத் தாங்கக்கூடியவனுக்கே உண்டு. அவனுக்கோ அந்தச் சக்தி இல்லை.

இனி மேடைப் பேச்சுக்கு வருவோம். பொதுமக்களைக் கூட்டித் தமிழில் தொடர்ந்து பேசும் வழக்கத்துக்கு, 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் ஆரம்பித்த பிரசங்கம் ஒரு பெரிய தொடக்கமாயிற்று. அது சமயத்துக்காகப் பேசிய பேச்சு. தொழிலைப் பற்றிய பேச்சுக்கு மேடை கிடைத்தது சுதேசி இயக்கத்தின் காலத்தில்தான். 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி கல்கத்தா டவுன்ஹாலில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு, அந்நியத் துணியை விலக்குவது என்னும் செய்தி சென்னை ராஜதானி எங்கும் பரவியது; வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலையை நிறுவினார். துணியை வாங்குவோனின் கடமையைக் குறித்து அக்காலத்து மேடைகளில் சண்டமாருதம் போன்ற பேச்சுகள் எழுந்தன. ஆனால் துணியை நெய்வோனின் தறியைக் குறித்து அம்மேடைகளில் பேசியவர்கள் மிகச் சிலரே.

தறியைக் குறித்துப் பேசியவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆங்கிலேயர். சென்னைப் பொறியியற் கல்லூரியில் ஆசிரியராக வந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1898-ஆம் ஆண்டளவில் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வெற்றி கண்டவர்; அதே உற்சாகத்தோடு கைத்தறியின் அபிவிருத்தியிலும் இறங்கினார். அவர் நம்பிய கருவி விசைநாடா. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-இல் கண்டுபிடித்தது அது. கையால் எறியும் நாடாவை ஒரு கை எறிய மறு கை வாங்க வேண்டியிருப்பதால், துணியின் அகலம் நெய்வோனின் கை நீளத்துக்கு அடங்கியே இருக்கும். விசைநாடாவிலோ பலகையின் இருபுறமும் பெட்டிகள் அமைத்து, நடுவில் தொங்கும் கயிற்றைச் சுண்டினால் நாடா ஒரு பெட்டியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே ஓடும். ஒரு கை ஓய்வு பெறும். வேகம் ஏறக்குறைய இருமடங்காகும். மங்களூரிலும் கண்ணூரிலும் பேசல் மிஷனார் நடத்திய நெசவாலைகளில் இது முன்பே வழங்கியது. சாட்டர்டன் சேலத்தில் சர்க்கார் செலவில் ஒரு நெசவுத் தொழிற்சாலை அமைத்து, நெசவாளரை அங்கே வரவழைத்து, விசைநாடாவின் நன்மையைப் பிரத்தியட்சமாகக் காட்ட முயன்றார். 1908-இல் உதகமண்டலத்தில் கூடிய கைத்தொழில் மாநாட்டில் இத்தகைய முயற்சிகளுக்கு ஆதரவு கிடைத்தது. 1910-இல் லண்டனிலிருந்த இந்தியா மந்திரி மார்லி பிரபு, சர்க்கார் இவ்வாறு தொழில் நடத்துவது கூடாது என்று தீர்ப்பெழுதவே சேலத்து முயற்சி முடிவடைந்தது.

மார்லியின் கடிதத்தின்மேல் முழுப் பழியையும் போட்டுவிடுவது எளிது. அது நியாயமாகாது. வீட்டுத்தறியில், மனைவி மக்கள் கூடவே உழைக்க, தன் விருப்பப்படி எழுந்தும் உட்கார்ந்தும் நெய்தவனைக் குறித்த நேரத்துக்கு வரச்சொல்லி ஒரு கட்டடத்துக்குள் உட்கார வைத்தபோது, கற்க வேண்டிய கருவி ஒன்றாக இருக்க, அதனோடு ஜீவிய முறை முழுவதையும் மாற்றிக்கொள்ளும்படி கேட்டதாயிற்று. பாடம் நல்லது, பாடசாலை தவறான இடத்தில் இருந்தது.

அதன்பின் வந்த பத்தாண்டுகளில் சென்னைக் கைத்தொழில் இலாகா வேறொரு வழியைப் பிடித்தது. நெசவாளர் வரவேண்டுமென்று காத்திராமல், கற்பிப்பவர்கள் தறியைச் சுமந்துகொண்டு நெசவாளரின் ஊருக்குப் போனார்கள். ஊர் சுற்றும் நெசவுக் குழுக்கள் என்று வழங்கிய அவற்றில் மேஸ்திரி ஒருவரும் உதவியாளர் சிலரும் இருப்பார்கள். விசைநாடாப் பலகை, பாவு ஓட்டும் உருளை, சிறு பூவேலைக்குரிய கருவிகள் முதலியவற்றை எடுத்துச் சென்று, நெசவுத் தெரு உள்ள ஊரில் நாட்கணக்காக, வாரக்கணக்காகத் தங்கி, நெய்து காட்டியும் நெய்ய வைத்தும் திரும்புவார்கள். இங்கே பேச்சு இல்லாமற் போகவில்லை. பேச்சின் ஸ்தானம் மாறிற்று. மேஸ்திரியின் வாய் சொல்வதை அவருடைய கை அந்தக் கணமே மெய்ப்பித்தது. சந்தேகம் கொண்டவன் எழுந்து நின்று வாதாட வேண்டியதில்லை, குழியில் இறங்கி உட்கார்ந்து கயிற்றைச் சுண்டிப் பார்த்தால் போதும். நாடா பெட்டியில் சேராமல் தெறித்து விழுந்தால் சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்து வைக்கலாம். அந்தப் பாவில் அறுந்த இழை எவன் கூலியிலும் பிடிக்கப்படவில்லை.

இந்தக் குழுக்களைப் பற்றி நம் சரித்திர நூல்கள் ஒரு வரியோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அக்காலத்துப் பெரும் உபந்நியாசகர்களின் படங்களை நாம் மாட்டி வைத்திருக்கிறோம். தலைச்சுமையாகவும் வண்டியிலும் தறியைக் கொண்டு ஊர் ஊராகத் திரிந்த மேஸ்திரிகளின் பெயர்கள்கூட நம்மிடம் வழங்கவில்லை. கைத்தறிகளையும் ஆலைகளையும் ஆராய்ந்து 1942-இல் அறிக்கை தந்த உண்மையறியும் குழு, சென்னை மாகாணத்துத் தறிகளில் பெரும்பகுதி விசைநாடாவுக்கு மாறிவிட்டதைக் கண்டது. பருத்தி நூலின் விலை, ஆலைத் துணியின் போட்டி முதலிய காரணங்களும் அம்மாறுதலுக்கு உண்டு. ஆயினும் பிழைக்கு அஞ்சாமல் பழகிப் பார்க்க ஓரிடம் கிடைத்தது சிறிய காரணமன்று என்பது என் அபிப்பிராயம்.

ஆரணி வட்டாரத்துப் பட்டுத்தறியோ விசைநாடாவுக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. மூன்று நாடா ஓடும் கோர்வைக்கு, ஒரே நாடாவை இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்கும் ஓட்டும் யந்திரம் பொருந்தாது. கற்பிப்பவர் எவ்வளவு சமர்த்தராயினும், கருவி அந்த வேலைக்கு ஏற்றதா என்பதை வேலை செய்பவனே தீர்மானிக்கிறான். பட்டு நெசவாளர் விசைநாடாவை மறுத்ததும், பிற்காலத்தில் ஜக்கார்டு பெட்டியை ஏற்றதும் ஒரே புத்தியின் இரண்டு தீர்ப்புகள். அதற்கு முன்பு கரையிலும் முந்தியிலும் அன்னமும் மயிலும் யாளியும் எழ வேண்டுமானால், பூவேலைக்குரிய நூற்கட்டாகிய அடையைக் கட்டி, அதன் நூல்களை ஒருவன் வரிசை தவறாமல் இழுத்துக் கொடுக்க வேண்டும். பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1804-இல் உருவான ஜக்கார்டு யந்திரத்திலோ, துளையிட்ட அட்டைகளே அந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்கின்றன. துளையில் செய்தியை வைக்கும் அந்த யுக்தியைச் சார்லஸ் பாபேஜ் தம் கணித யந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். கணிப்பொறியைப் பற்றி நெசவாளருக்கு எடுத்துச்சொல்ல வருகிறவர்கள், அந்தக் கணிப்பொறியின் வமிசத்தில் நெசவுத்தறியும் உண்டு என்பதை அறிந்து வருவது நல்லது.

விளையாட்டு இதில் எங்கே வருகிறது என்று வாசகர் கேட்கலாம். 1932-ஆம் ஆண்டு லெனின்கிராடில் மேரி பிர்ஷ்டைன் என்னும் அம்மையார், தட்டச்சு யந்திரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகிகளுக்காக ஒரு விளையாட்டை அமைத்தார். உற்பத்தித் திட்டம் திடீரென மாறினால் எவர் எதைச் செய்வது என்பதை, நிஜமான பொருளும் பணமும் வீணாகாமல், ஆடிப் பார்த்துப் பழகுவது அதன் நோக்கம். தொழில் நிர்வாகத்துக்காக அமைந்த முதல் விளையாட்டு என்று அதைச் சொல்வார்கள். அதற்கு நூறாண்டுக்கு முன்பே பிரஷ்ய நாட்டுச் சேனையில் தளபதிகள் படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் போரைப் பயின்றார்கள். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கணிப்பொறியின் துணையோடு நிர்வாகிகளுக்கான விளையாட்டுகள் தோன்றின. நம் வீடுகளில் பரமபத சோபான படத்தை விரித்துப் பாவ புண்ணியத்தின் பலனைக் காட்டியதும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. பாம்பு விழுங்கினாலும் ஆடியவனுக்கு நரகம் வாய்ப்பதில்லை. இவை அனைத்துக்கும் பொதுவான தத்துவம் ஒன்றுதான்: தவறு செய்யலாம், தண்டனை இல்லை. சென்னைக் கைத்தொழில் இலாகாவின் மேஸ்திரி விளையாட்டு என்னும் பெயரை உச்சரித்திருக்க மாட்டார். ஆனால் அவர் தெருவில் நிறுத்திய தறி, அந்தத் தத்துவத்தின்படியே நின்றது.

சுயராஜ்யத்துக்குப் பிறகு ஸ்தாபனங்கள் பெருகின. 1952-இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் ஏற்பட்டது. நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. 1960-இல் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் அமைந்தது. கல்கத்தாவில் நடந்த அந்த 1905-ஆம் ஆண்டுக் கூட்டத்தின் நினைவாக, ஆகஸ்டு 7-ஆம் நாள் தேசியக் கைத்தறி தினமாயிற்று. அதன் முதல் விழா 2015-இல் சென்னையில் நடந்தது. வடிவம் வரையும் வேலை கட்டமிட்ட காகிதத்திலிருந்து கணிப்பொறிக்கு மாறியது. இப்போது பேசுவதற்கு விஷயமும் மேடையும் பேச்சாளரும் நிறைந்திருக்கிறார்கள். நெசவாளரின் கணக்கோ பெரும்பாலும் மாறவில்லை: ஒரு நாள் கூட்டத்துக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும், புதிய முறையைத் தன் பாவில் பரீட்சித்துத் தவறினால் ஒரு புடவை போகும்.

ஆகவே தேசூர், ஆரணி, சேத்துப்பட்டு முதலிய ஊர்களில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துவோருக்கும், அச்சங்கங்களுக்குப் பேச்சாளரை அனுப்பும் அதிகாரிகளுக்கும் என் விண்ணப்பம் இது. பழுதானால் எவருடைய கூலியிலும் பிடிக்கப்படாத ஒரு பட்டுத்தறியைச் சங்கத்துக் கட்டடத்தில் நிரந்தரமாக நிறுத்துங்கள். அதில் உட்கார்ந்து பழகும் ஒவ்வொரு நாளுக்கும் உரிய கூலியைச் சங்கத்துக் கணக்கிலேயே பற்றெழுதுங்கள். பேச வருபவர் எவ்வளவு பெரியவராயினும், அந்தத் தறிக்குப் பக்கத்தில் நின்றே பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.