எட்டாம் வகுப்பும் ஐந்தாயிரம் ரூபாயும்

தமிழகப் பெண்களின் வரலாற்றில் 1989-ஐச் சொத்துரிமை ஆண்டாகவே நினைவுகூர்கிறோம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அன்று வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குரிய பங்கை மகளுக்கும் தந்தது. அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமான பெண்களை அது விலக்கியதைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். பங்கிடச் சொத்தே இல்லாத வீட்டு மகளுக்கு அந்த ஆண்டு என்ன தந்தது என்பதே என் கேள்வி.

அவளுக்குக் கிடைத்தது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம். ஏழைப் பெண் எட்டாம் வகுப்பு வரை படித்து, பதினெட்டு வயது நிறைந்தபின் மணம் செய்துகொண்டால் ஐந்தாயிரம் ரூபாய். கூலிவேலை செய்யும் குடும்பம் மகளைப் பள்ளிக்கு அனுப்பினால், அவள் கொண்டுவரக்கூடிய கூலியை இழக்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அவளது சம்பளமில்லா உழைப்பையும் இழக்கிறது. அந்த இழப்பு நேர்வது அவள் படிக்கும் காலத்தில். ஈடு வந்ததோ கல்யாணத்தின்போது.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவரின் பெயர் திருமண உதவிக்கா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதை முரணாகப் பார்க்கவில்லை. பொட்டுக்கட்டு முறைக்குள் தள்ளப்பட்டு அதிலிருந்து வெளியேறிய இராமாமிர்தம், 1936-இல் அதைப் பற்றி நாவலே எழுதினார். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அம்முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. திருமணமே மறுக்கப்பட்ட பெண்களுக்கு அது போராடிப் பெறவேண்டிய உரிமை. 1989-இன் ஏழைப் பெண்ணுக்குத் திருமணம் மறுக்கப்படவில்லை. வரதட்சணையோடு சேர்த்து அவள் வீட்டின் மீது கடனாக ஏற்றப்பட்டது. அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியைத்தான் அரசு ஏற்றுக்கொண்டது.

படிப்பின் நிபந்தனை பின்னர் பத்தாம் வகுப்பாக உயர்ந்தது. 2011-இல் பட்டம், பட்டயம் முடித்தவருக்கு 50,000 ரூபாய் என்றானது. தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016-இல் அது எட்டு கிராமானது. படித்துவிட்டு மணம் வேண்டாம் என்ற பெண்ணுக்கு இதில் எதுவும் இல்லை.

2022-இல் அதே இராமாமிர்தம் பெயரில் திட்டம் உயர்கல்விக்கு மாறியது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து மேற்படிப்பில் சேரும் பெண்ணின் வங்கிக் கணக்கில், படிப்பு முடியும்வரை மாதம் ஆயிரம் ரூபாய். புதுமைப்பெண் என்று நாம் அறிவது இதைத்தான். படிப்புக்கான பணம் படிக்கும்போதே அவள் கைக்கு வர முப்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

இதை வரவேற்கும் நாம் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பெண்ணையும் நினைக்கவேண்டும். முன்பு அவளுக்குத் திருமணத்தின்போதாவது 25,000 ரூபாயும் தங்கமும் கிடைத்தன. இப்போது இத்திட்டத்தில் அவளுக்கு இடமில்லை. அவள் வீட்டுக் கல்யாணக் கடன் மட்டும் அப்படியே இருக்கிறது. படிப்பைத் தொடர முடியாமல் போகிறவள் பெரும்பாலும் அந்த வகுப்பின் மிக ஏழை வீட்டுப் பெண்தான். 1989-இல் கேட்ட கேள்வியை நான் இன்று அவளுக்காகக் கேட்கிறேன்.