வெள்ளிக்கிழமை மாத்திரை

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில், பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று இரண்டு வருடங்கள் இருந்தது. அதற்குள் இரண்டு மருந்துகள். மெர்காப்டோப்யூரின், தினமும் இரவு. மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. ரத்தப் புற்றுநோய். மாதக்கணக்கில் ஊசியும் சலைனுமாக இருந்த பிறகு, "இனிமே மாத்திரைதான், வீட்லயே குடுத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்க எவ்வளவு லேசாக இருந்தது!

ஒரு சனிக்கிழமை இரவு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா உள்ளங்கையில் மாத்திரைகளோடு நின்றிருந்தாள். மெத்தோட்ரெக்ஸேட். முந்தின நாள்தான் கொடுத்து முடித்திருந்தோம். நான் போட்ட சத்தத்தில் குழந்தை அழுதுவிட்டாள். "ரெண்டும் மஞ்சளாத்தானப்பா இருக்கு, எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா. நியாயமான கேள்விதான். ஒன்று தினமும், இன்னொன்று வாரம் ஒருமுறை. ஏன்? எனக்கே தெரியாது. அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

கதை புற்றுநோயில் தொடங்கவில்லை, கர்ப்பிணிகளின் ரத்தசோகையில் தொடங்குகிறது. 1920களின் இறுதியில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் இடத்திலும் வேலை செய்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டில் இருந்த ஏதோ ஒன்று அந்தப் பெண்களைத் தேற்றியது. அந்த ஏதோ ஒன்றுதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

அதை 1945இல் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம். அங்கே ஆராய்ச்சியை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஸ்ப்ரூ என்ற குடல்நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தவர். ஃபோலிக் அமில வகைப் பொருட்களைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமெடுத்தது. அப்படியென்றால் அதைத் தடுக்கும் பொருள் நோயையும் தடுக்க வேண்டுமல்லவா? சுப்பாராவின் குழு அமினோப்டெரினைத் தயாரித்துக் கொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் எழுதிய கட்டுரையில் 16 குழந்தைகள்; 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதே ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

மெர்காப்டோப்யூரினை 1950களின் தொடக்கத்தில் உருவாக்கியவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும். 1988இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தனித்தனியாக இந்த மருந்துகள் மாதங்களைத்தான் வாங்கித் தந்தன. பல மருந்துகளைச் சேர்த்து, நோய் மறைந்த பின்னும் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும் என்று 1962 முதல் மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் பிடிவாதமாக நின்றவர் டொனால்ட் பிங்கெல். அந்தப் பத்தாண்டின் முடிவில் அங்கே ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் யாரும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க முடியாது. ஆகவே சிகிச்சையின் மிச்சம் அம்மாக்களின் கைக்கு வந்தது.

அம்மாவின் கேள்விக்குப் பதிலும் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட்டைத் தினமும் கொஞ்சமாகக் கொடுப்பதைவிட, இடைவெளி விட்டுக் கூடுதலாகக் கொடுப்பதே மேல் என்று 1960களின் ஆய்வுகள் காட்டின. அந்த இடைவெளியில்தான் வாய், குடல், எலும்பு மஜ்ஜையின் நல்ல செல்கள் தேறிக்கொள்கின்றன. அதைத் தவறிப்போய்த் தினமும் கொடுத்தால் வாயெல்லாம் புண்ணாகி, மஜ்ஜை படுத்து, உயிரே போகலாம். மருந்தில்லாத ஆறு நாளும் மருந்தில் சேர்த்திதான்.

அதற்குப் பிறகு வீட்டில் சட்டம் போட்டோம். தினசரிக் காலண்டரில் வெள்ளிக்குச் சிவப்பு வட்டம். கொடுத்தவர் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டும். கையுறை இல்லாமல் மாத்திரையைத் தொடக்கூடாது. கர்ப்பமாயிருந்த என் தங்கை டப்பா பக்கமே வரக்கூடாது. உடைப்பதோ பொடிப்பதோ ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தபடி மட்டும். வாந்தி எடுத்தால் நாமாக இன்னொன்று கொடுப்பதில்லை, போன் செய்து கேட்பது, துடைப்பதும் கையுறையோடுதான். விட்டுப்போன வேளைக்கு மறுநாள் இரட்டிப்பாகக் கொடுப்பதில்லை. காய்ச்சல் என்றால் எந்த நேரமானாலும் உடனே போன். மிச்ச மாத்திரை குப்பைக்குப் போகாது, ஆஸ்பத்திரிக்கே திரும்பும்.

ஒருநாள் அம்மா ரத்தம் ஊறும் டானிக் ஒன்றை வாங்கி வந்தாள். பேத்தி வெளுத்திருக்கிறாளே என்ற ஆற்றாமை. பாட்டிலைத் திருப்பிப் படித்தேன்: ஃபோலிக் அமிலம். இந்த முறை நான் கத்தவில்லை. உட்காரவைத்து, கோஷா ஆஸ்பத்திரியிலிருந்து பாஸ்டன்வரை சொன்னேன். டாக்டரைக் கேட்காமல் ஏன் கொடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உன் தங்கச்சிக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததும் இதுதானே?"

"இதேதான்மா."

"அப்ப அவளுக்கு மருந்து, இவளுக்கு ஆகாது."

பாட்டிலை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலண்டரில், வெள்ளிக்கிழமை வட்டத்துக்குள், அம்மாவின் கோணல்மாணலான கையெழுத்து இருந்தது.