படகேறி வந்த கோர்ட்டும் திரையேறி வந்த கோர்ட்டும்



கோர்ட்டு என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்க்கு வயிற்றைக் கலக்கும். "கோர்ட்டுப் படி ஏறாதேடா" என்றுதான் நம் பாட்டன்மார் சொல்லி வைத்தார்கள். நீதியின் மேல் நம்பிக்கை இல்லாமலா சொன்னார்கள்? இல்லை ஐயா, அலைச்சலுக்குப் பயந்து சொன்னார்கள். எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர், கொடுத்த கடனைத் திருப்பி வாங்க வழக்குப் போட்டு மூன்று தடவை பஸ் ஏறினார். மூன்று நாள் பால் வெட்டும் போச்சு, அந்த மூன்று நாள் சம்பளமும் போச்சு. ஒவ்வொரு தடவையும் அவர் காதில் விழுந்தது "ஒத்திவைப்பு" என்ற ஒரே வார்த்தைதான். நாலாம் தடவை அவர் போகவில்லை. "போன காசு போகட்டும்டா" என்று விட்டுவிட்டார். கடன் வாங்கியவர் ஜெயித்தார்.

இந்தத் தூரம் இன்று நேற்று வந்ததல்ல. 1826-ஆம் ஆண்டு நவம்பர் 27-இல் ஆங்கில அரசர் ஒரு சாசனம் கொடுத்தார். பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே கோர்ட்டு. சட்டம் படித்த நீதிபதியும் ஒரே ஒருவர்தான். 'ரெக்கார்டர்' என்று அவருக்குப் பெயர். அவர் குடியிருந்தது பினாங்கில். மலாக்காக்காரன் வழக்கைக் கேட்க அவர் கப்பலேறி வரவேண்டும். அப்படி வந்த முதல் ரெக்கார்டர் சர் ஜான் கிளாரிட்ஜ் என்ன செய்தார் தெரியுமா? பயணச் செலவு, வசதி பற்றிக் கவர்னர் புல்லர்டனோடு சண்டை போட்டு, "போக மாட்டேன்" என்று பினாங்கிலேயே உட்கார்ந்துவிட்டார்! 1828-இல் கவர்னரே சிங்கப்பூருக்குப் போய் நீதிபதி ஆசனத்தில் அமர வேண்டியதாயிற்று. கிளாரிட்ஜ் 1829-இல் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். நீதிபதிக்கே பயணப்படி தகராறு என்றால், பஸ் காசுக்குக் கணக்குப் பார்த்த நம் பெரியவரை யார் குறை சொல்ல முடியும்?

நம் அலோர் காஜா வட்டாரத்துக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. இங்குள்ள நானிங் மக்களிடம் பத்தில் ஒரு பங்கு வரி வாங்குவதும், குற்ற வழக்குகளை விசாரிப்பதும் மலாக்காவின் உரிமை என்றார் அதே புல்லர்டன். பெங்ஹுலு டோல் சையிட் ஒத்துக்கொள்ளவில்லை. 1831, 1832-இல் நடந்த நானிங் சண்டைக்கு அதுவே வித்து.

சரி, நம் காலத்துக்கு வருவோம். 2006-இல் சாபா, சரவாக்கின் தலைமை நீதிபதியான ரிச்சர்ட் மலாஞ்சும் ஆறும் மலையும் குறுக்கிடும் ஊர்களைப் பார்த்தார். கோர்ட்டையே வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களின் மனுக்களை மாஜிஸ்திரேட் அங்கேயே விசாரித்தார். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பட்டபாடு நம் தோட்டங்களிலும் சிலருக்குத் தெரியும். காணொளி வழியே வழக்குக் கேட்பதும் அந்த மாநிலங்களில்தான் முதலில் வேர் பிடித்தது.

தீபகற்பத்தில் 2008 முதல் 2011 வரை நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்த துன் ஸாக்கி அஸ்மி, தேங்கிக் கிடந்த கட்டுகளை ஒரு கை பார்த்தார். அதுவரை சாட்சி சொல்வதை நீதிபதி தம் கையாலேயே எழுதிக்கொள்வார். சாட்சி நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். அதற்குப் பதில் ஒலி, ஒளிப்பதிவு வந்தது. 2011-இல் கோலாலம்பூரில் மின்னியல் பதிவு தொடங்கியது. வழக்குத் தாளைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு முகப்பில் வரிசை நிற்காமல், கணினி வழியே அனுப்பும் முறை இது. 2012 ஆகஸ்டு 1-இல் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகள் இதற்குத் தனி இடம் கொடுத்தன. கணினி இல்லாதவர் தாளைக் கொடுத்தால் அதைப் பதிந்து தரும் சேவை முகப்புக்கும் அதில் இடமுண்டு. 5,000 வெள்ளிக்கு மேற்படாத சிறு வழக்கை வக்கீல் வைக்காமலே நடத்தலாம் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. நம் பெரியவருக்கு அது தெரியாமல் போயிற்று.

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. கோர்ட்டுக் கதவும் சாத்தியது. ஆனால் ஏப்ரல் 23-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இணையம் வழியே ஒரு வழக்கைக் கேட்டது. பொதுமக்களும் அதை நேரலையில் பார்த்தார்கள். அப்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் துன் தெங்கு மைமுன், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. முதலில் இரு தரப்பும் சம்மதித்தால்தான் இப்படி விசாரிக்கலாம் என்று இருந்தது. 2020 அக்டோபர் 22-இல் திருத்தச் சட்டம் நடப்புக்கு வந்தபின், நீதியின் நலனுக்கு ஏற்றது என்று கண்டால் கோர்ட்டே தொலைதூர விசாரணைக்கு உத்தரவிடலாம். வெறுமனே தேதி குறிக்கிற வேலையை வக்கீல்கள் திரையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஒரு 'ஒத்திவைப்பு'க்காகப் பஸ் ஏறும் கொடுமை இதனால் குறைந்தது என்பதை மறுப்பார் உளரோ?

ஆனாலும் எனக்கு மனம் முழுதும் ஒப்பவில்லை. ரப்பர் மரத்துக்கு நடுவே கைத்தொலைபேசிக்கு லைன் கிடைக்காமல் மேட்டில் ஏறி நிற்கிறவர் எப்படிச் சாட்சி சொல்வார்? திரைக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு சொல்லிக் கொடுத்தால் யாருக்குத் தெரியும்? தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்று கேட்பதும், கரகரக்கும் ஒலியில் கேட்பதும் ஒன்றாகுமா? இதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் திரையா, நேரிலா என்று முடிவாக வேண்டும். "எனக்கு நேரில் வரணும், ஐயா" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரை வந்தாலும் மாறாதது ஒன்று உண்டு. காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினார்கள் என்றால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, நிறுத்திய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அந்த அறுபதில் பாதியை "யாரைப் பார்க்கிறது?" என்று கேட்டுக்கேட்டே கழித்துவிடுகிறவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. கடிதம் கைக்கு வந்ததும் அதிலுள்ள தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டுக் கடிதத்தை ஒருமுறை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். படமும் எடுத்து வைக்கட்டும்.