மரவிமானமும் மழைக்காலமும்

கலமாகவும் தேராகவும் கதவாகவும் மனிதனுக்குப் பயன்பட்டு வந்த மரம், இருபதாம் நூற்றாண்டிலே விமானமாகவும் உருப்பெற்றது. எவ்வுருவம் பெறினும் அதற்குரிய பகை ஒன்றே, அஃது ஈரம். ஈரத்தை உண்ட மரம் பருக்கும், உலர்ந்தால் சுருங்கும். பருத்தலும் சுருங்குதலும் மாறி மாறி நிகழுமிடத்துப் பொருத்துகள் நெகிழும். இவ்வுண்மை, இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளிலே, கண்டி மாநகரோடு தொடர்புடைய ஒரு பெரும் வழக்கிற்குக் காரணமாயிற்று.

1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மௌண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் தில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்திலே அதன் அலுவலகங்கள் அமைந்தன. பர்மாவில் யப்பானியரை எதிர்த்து நடந்த போர் இங்கிருந்தே நெறிப்படுத்தப்பட்டது. அப்போரில் ஈடுபட்ட விமானங்களுள் ஒன்று, நுளம்பு எனப் பொருள்படும் 'மொஸ்கிற்றோ' ஆகும்.

டி ஹவிலண்ட் நிறுவனத்தாரின் இவ்விமானம் 1940 நவம்பர் 25ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. போர்க்காலத்தில் அலுமினியம் அரிதாயிருந்தமையால் மரத்தைத் தெரிந்தனர். தளபாடம் செய்யும் தச்சரும் இதனை ஆக்குதல் கூடுமாயிற்று. தக்கைபோன்ற பல்சா மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் பேர்ச்சு மர ஒட்டுப்பலகையைப் பசையிட்டு இறுக்கி உடலை அமைத்தனர். முதலில் பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசையும், பின்னர் செயற்கைப் பசையும் பயன்பட்டன. அதன்மேல், கோதாவரிக் கழிமுகத்து ஊரொன்றின் பெயரால் 'மடபோலம்' என வழங்கும் மெல்லிய பருத்தித்துணியைப் போர்த்து, ஈரம் புகாவண்ணம் பூச்சுப் பூசினர்.

1944ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கீழைநாட்டுப் போர்க்களத்தில் இவ்விமானங்கள் சில வானிலேயே சிதைந்து வீழ்ந்தன. நவம்பர் மாதத்தில் அவற்றின் பறப்பு நிறுத்தப்பட்டது. சிறகின் மேற்புறப் பலகை முதன்மைத் தூலத்தினின்றும் விடுபட்டது என்றும், வெப்பமும் பருவமழையும் பசையைக் கெடுத்தன என்றும் முதலிற் கருதப்பட்டது. நிறுவனத்தைத் தொடங்கியவரின் உடன்பிறந்தாராகிய ஹெரெவாட் டி ஹவிலண்ட் தலைமையில் இந்தியா சென்ற குழுவினர், டிசம்பர் மாதத்தில் அறிக்கை விடுத்தனர். பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதே காரணம் என்பது அவர்தம் முடிபு. எனவே, பசையினின்று நீங்கிய பழி கீழைநாட்டு மழையின்மேல் முற்றாக ஏறிற்று.

ஆயின் வழக்கு அத்துடன் முடியவில்லை. பின்னர் நடந்த ஆய்வு, குற்றம் ஆக்கவேலையிலேயே உள்ளது எனத் துணிந்தது. இங்கிலாந்திலே டெவ்போட்டில் விமான உற்பத்தி அமைச்சினர் செய்த பரிசோதனையும் அதனை உறுதிப்படுத்திற்று. பருவமழையையோ கறையானையோ ஒருபோதும் காணாத விமானங்களிலும் அதே குறைகள் காணப்பட்டன. பலகையும் தூலமும் செவ்வனே பொருந்தாமையும், பசையிட்ட முறையின் குறைபாடுமே அடிப்படை. சிறகின் நெடுகிலும் மெல்லிய ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை இட்டு அப்பொருத்தை மூடுவதே பரிகாரமாயிற்று.

ஈரமிக்க நாட்டில் மரம் நிலையாது என்பது உண்மையாயின், கட்டளைப்பீடத்திலிருந்து சில மைல் தொலைவிலுள்ள எம்பெக்கைத் தேவாலயம் அதற்கு விடையிறுத்தல் வேண்டும். பதினான்காம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கொள்ளப்படும், கதிர்காமக் கடவுளுக்குரிய அக்கோயிலின் மரத்தூண்கள் பல நூற்றாண்டு மழையைக் கண்டவை. அவற்றைக் காத்தது, சரிந்திறங்கும் கூரையும் காற்றோடும் திறந்த மண்டபமுமே. கண்டிக் கம்மாளர் பிற வழிகளையும் அறிந்திருந்தனர். கடைசல் இயந்திரத்திற் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தைப் போர்த்துக்கொள்ளும். ஓவியந்தீட்டிய மரத்துக்குத் தொரண மரத்தெண்ணெயை மெருகாகப் பூசுவர். இத்தகைய கண்டிக் கைவினைகளை, யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தடித்த தூணும் மெல்லிய ஒட்டுப்பலகையும் ஒன்றல்ல. கோயில் வானிற் பறப்பதுமன்று. ஆயினும் இரண்டிற்கும் பொதுவான விதி ஒன்றுண்டு. ஈரம் பெரும்பாலும் புகுவது பரந்த முகத்தாலன்று. மரத்தின் வெட்டுமுனையாலும் பொருத்தின் இடுக்காலுமே. இதனாலேயே இன்றும் தம் கையால் மரவிமானம் அமைப்போர், வெட்டுமுனைகளுக்கு மிகுதியான பூச்சு இடுகின்றனர். பசை பற்ற வேண்டிய இடத்தைப் பூச்சின்றி விடுகின்றனர். உட்புகுந்த நீர் வடியத் துளையும் வைக்கின்றனர்.

மழை எல்லா நாட்டிற்கும் உரியது. அதனை எதிர்பாராது வேலைசெய்தவன் பின்னர் மழையைக் குறைகூறுதல் எளிது. ஒரு நாட்டின் தட்பவெப்பத்தின்மேற் பழிசுமத்துமுன் பொருத்துகளைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளரின் நேர்மையே, பின்வந்த வானோட்டிகளின் உயிரைக் காத்தது. வரலாறு கற்போரும் கைத்தொழில் கற்போரும் ஒருங்கே போற்றத்தக்கது அந்நேர்மை.