ஒரு மில்லிமீட்டர் வளையம்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் இடத்தை மாமா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதை எடுத்தது ஹீலியோஸ் 44-2 என்ற ரஷ்ய லென்ஸ். 58 மில்லிமீட்டர், அப்பர்ச்சர் எஃப் 2. பிலிம் ரோல் கிடைப்பது அருகியதும் கேமரா பரணுக்குப் போனது. லென்ஸை மட்டும் மாமா விடவில்லை. பூஞ்சை பிடிக்காமலிருக்க அவ்வப்போது எடுத்து வெயில் காட்டுவார். “கண்ணாடி கெட்டுப் போவாது மருமவனே, மாட்டுத வாய்தான் மாறிட்டே கெடக்கு” என்பார்.

அந்த வாய்க்குப் பெயர் மவுண்ட். வாய் மாறினாலும் லென்ஸைக் காப்பாற்றும் ஒரு பொருள் இருக்கிறது. அதுதான் அடாப்டர் வளையம். அது பிறந்த கதை ஜெர்மனியில் தொடங்குகிறது.

1930இல் லைக்கா, லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய கேமராவைக் கொண்டுவந்தது. ஆனால் ஒவ்வொரு லென்ஸையும் அந்தந்தக் கேமராவுக்கென்றே சரிபார்த்துப் பொருத்த வேண்டியிருந்தது. மவுண்டின் முகத்திலிருந்து பிலிம் வரையுள்ள தூரம் கேமராவுக்குக் கேமரா இம்மியளவு மாறியதே காரணம். அந்தத் தூரம் சற்றுக் கூடினாலும் தொலைவில் நிற்கும் மலை மங்கிவிடும். 1931இல் அதை 28.8 மில்லிமீட்டர் என்று நிலைப்படுத்தினார்கள். மரையின் விட்டம் 39. அதன்பிறகு எந்த லென்ஸையும் எந்த உடலிலும் திருகலாம் என்றானது.

1954இல் லைக்கா எம்3 வந்தது. மரைக்குப் பதில், செருகித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் புது மவுண்ட். அதன் தூரம் 27.8 மில்லிமீட்டர், அதாவது பழையதைவிடச் சரியாக ஒன்று குறைவு. அந்த ஒரு மில்லிமீட்டரில் உட்காரும்படி மெல்லிய வளையம் ஒன்றைச் செய்தார்கள். பழைய லென்ஸ் புதுக் கேமராவில் ஏறியது, மலையும் தெளிவாக விழுந்தது. புதிதாகக் கட்டுபவர் பழையதற்கு விடவேண்டிய இடம் எவ்வளவு என்று கேட்டால், நான் இந்த ஒரு மில்லிமீட்டரைத்தான் காட்டுவேன்.

எல்லாரும் அப்படி விடவில்லை. 1949இல் டிரெஸ்டனில் கான்டாக்ஸ் எஸ் கேமராவோடு வந்த 42 மில்லிமீட்டர் மரையைப் பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனிட் எனப் பலரும் ஏற்றார்கள். மாமாவின் லென்ஸும் அந்த இனம்தான். இவ்வகைக் கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு கண்ணாடி எழும்பி இறங்கும். அதற்கு இடம் விட்டுத் தூரத்தை 45.46 மில்லிமீட்டர் என்று வைத்தார்கள். 1975இல் கே மவுண்டுக்கு மாறியபோதும் பென்டாக்ஸ் அதே தூரத்தைக் காத்தது. கேனனின் எஃப்டி லென்ஸ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவற்றின் தூரம் 42. 1987இல் கேனன் மாறிய இஎஃப் மவுண்டின் தூரம் 44. லென்ஸ் இருக்கவேண்டிய இடத்தைவிட ஏற்கெனவே இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கும்போது வளையத்துக்கு ஏது இடம்?

விடிவு 2008இல் வந்தது. பானசோனிக் ஜி1 கேமராவிலிருந்து அந்த எழும்பும் கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள். 2010இல் சோனி தன் இ மவுண்டை 18 மில்லிமீட்டரில் நிறுத்தியது. கண்ணாடி காலி செய்த இடம் முழுவதும் வளையத்துக்குக் கிடைத்தது. 45.46இலிருந்து 18ஐக் கழித்தால் 27.46. மாமாவின் லென்ஸுக்கு வேண்டிய வளையத்தின் உயரம் அதுதான். அந்த எஃப்டி லென்ஸ்களும் இப்போது உயிர் பெற்றுவிட்டன.

இந்த வளையத்துக்குள் கண்ணாடியும் இல்லை, கம்பியும் இல்லை. வெறும் உலோகக் கடைசல். ஆற்றங்கரையில் மேற்கே அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து சொப்புச் சாமான் செய்கிறார்களே, அந்தக் கடைசல் வேலையின் பிள்ளைதான் இதுவும். அளவில் மட்டும் பிசகக் கூடாது.

போன தை மாதம் அந்த வளையத்தோடும் என் சோனி கேமராவோடும் மாமாவைச் சீவலப்பேரிக்கு அழைத்துப் போனேன். லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கச் சொல்லி கேமராவின் மெனுவில் மாற்றிவைத்தேன். இந்த லென்ஸோடு அது பேசாது. ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். மாமாவின் விரல்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஃபோகஸ் வளையத்தைக் கடைசி வரை திருகினார். திரையில் அக்கரைப் பனைகள் ஓலை ஓலையாகப் பிரிந்து நின்றன.