கந்தளாய்க் குளமும் ஆபிரிக்க மீனும்

மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதை ஈழத்துச் சமையலறைகளில் இன்று எவரும் நினைப்பதில்லை. ஒரு பொருள் வேரூன்றிய பின்னர் அதன் வருகை மறக்கப்பட்டு விடுகின்றது. கந்தளாய்ப் பகுதியில் மக்கள் நாளாந்தம் வாங்கி உண்ணும் திலாப்பியா மீனும் அத்தகையதே. முதியோர் பலரின் வாழ்நாளுக்குள்ளேயே இந்நாட்டை வந்தடைந்த அம்மீன், ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமையுடைய ஒரு குளத்துக்குப் புதியதொரு பயனைத் தந்தது. அவ்வருகை நிகழ்ந்த முறையையும், அதனாற் பெறப்படும் படிப்பினையையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் கந்தளாய் அமைந்துள்ளது. கோணேசர் ஆலயத்தின் தேவைக்கு நெல் விளைவிக்கும்பொருட்டுக் குளக்கோட்டன் இக்குளத்தைக் கட்டுவித்தான் என்பது தமிழர் மரபு. பாளி வரலாற்று நூல் மரபோ ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு இதனைத் தொடர்புபடுத்தும். சோழராட்சிக் காலத் தமிழ்ச் சாசனமும் இவ்வூரிற் கிடைத்துள்ளது. பின்னாளிற் பாழடைந்த குளம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் ஆட்சியில் திருத்தப்பட்டது. குளத்தைக் கட்டியவர் யாரென்பதில் மரபுகள் வேறுபடினும், அது நெல்லுக்காகவே கட்டப்பட்டது என்பதில் வேறுபாடில்லை.

குளத்தில் மீனே இருக்கவில்லை என்பது இதன் பொருளன்று. விரால், கெளிறு, கெண்டை, விலாங்கு முதலியன அங்கு வாழ்ந்தன. ஆயினும் இவை ஆற்றுக்கும் சதுப்புக்கும் உரிய மீன்கள். இலங்கையில் இயற்கையான பெரிய நன்னீர் ஏரிகள் இல்லை. உள்நாட்டில் விரிந்து கிடக்கும் பெருநீர்ப் பரப்புகள் யாவும் மனிதர் கட்டியவையே. எனவே, ஆழ்ந்து அகன்ற நிலைநீரின் நடுப்பரப்பைத் தன் வாழிடமாக்கிக் கொள்ளத்தக்க மீனினம் இங்கு தோன்றவில்லை. விலங்கியலாளரான சி. எச். பெர்னாண்டோ, சேன டி சில்வா போன்றோர் தம் ஆய்வுகளில் இவ்வுண்மையை எடுத்துக் காட்டியுள்ளனர். குளம் ஒருவகையில் பாதி வெறுமையாகவே இருந்தது எனலாம்.

இவ்வெற்றிடத்தை நிரப்பிய திலாப்பியா, சிக்லிட் என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. மலாவி, தங்கனிக்கா ஆகிய ஆபிரிக்க ஏரிகளின் வண்ண மீன்களும் இக்குடும்பத்தினவே. அவற்றை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கத் தொடங்குவோர் இரு பண்புகளை விரைவில் அறிந்துகொள்வர். ஆண் மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துப் பிறவற்றை விரட்டும் என்பது ஒன்று. பல இனங்களிற் பெண் மீன் முட்டைகளைத் தன் வாயினுள் அடைகாக்கும் என்பது மற்றொன்று. இவ்விரு பண்புகளும் திலாப்பியாவிலும் உள. ஆண் மீன் ஆழமற்ற கரையோரத்து மண்ணிற் குழி தோண்டிக் காவல் புரியும். பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிற் காக்கும். முட்டையிடுவதற்கு ஆற்றை எதிர்த்து ஏற வேண்டிய தேவை இதற்கில்லை. பாசியையும் அடியிற் படியும் அழுகற் பொருளையும் உண்டு வாழும், உவர்நீரையும் தாங்கும். தொட்டியில் வியப்பூட்டும் அதே பண்புகள், குளத்தில் வரலாற்றை உருவாக்கின.

மொசாம்பிக் திலாப்பியாவை 1852 இல் ஜேர்மானிய அறிஞர் பீற்றர்ஸ் அறிவியலுலகுக்கு விவரித்தார். தென்கிழக்கு ஆபிரிக்க ஆறுகளுக்குரிய அம்மீன், 1930களின் இறுதியில் யாவாத் தீவின் கடலோரத்திற் காணப்பட்டது. அங்கு அது சென்ற வழி தெளிவாகவில்லை. வளர்ப்பு மீனாகக் கொண்டு செல்லப்பட்டிருக்கலாம் எனக் கருதுவோருளர். அதனைக் கண்டெடுத்து வளர்த்த முஜாயிர் என்பவரின் பெயராலேயே இந்தோனேசியர் அதனை வழங்கலாயினர். இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியர் ஆட்சியில் அது மலாயாவுக்கும் பரவியது. மலாய் மக்கள் அதனை யப்பான் மீன் என்றனர். நம் நாட்டிலும் அப்பெயர் வழங்குகின்றது. ஆபிரிக்க மீனொன்று யப்பானின் பெயரைத் தாங்கி நிற்பது அதன் பயணத்துக்குச் சான்றாகும்.

இலங்கைக்கு அம்மீன் கொண்டுவரப்பட்ட ஆண்டு 1952. பீற்றர்ஸின் விவரிப்புக்கும் இவ்வருகைக்கும் இடையே சரியாக ஒரு நூற்றாண்டு கழிந்திருந்தது. பழைய குளங்கள் திருத்தப்பட்டு உலர்வலயத்திற் குடியேற்றங்கள் வளர்ந்த காலம் அது. பனிக்கட்டியும் விரைவான போக்குவரத்தும் அரிதாயிருந்த அந்நாளில், கடல்மீன் உள்ளூர்களை அடையுமுன் பழுதாகிவிடும். கருவாடே பெரும்பாலும் கைகொடுத்தது. குளங்களில் விடப்பட்ட திலாப்பியா சில ஆண்டுகளிற் பெருகியது. தோணியும் வலையும் உடையோருக்குத் தொழில் கிடைத்தது; வயலில் உழைப்போருக்குக் குறைந்த விலையிற் புதுமீன் கிடைத்தது. 1980களில் நாட்டின் குளங்களிற் பிடிபட்ட மீனிற் பெரும்பங்கு திலாப்பியாவே. நெல்லுக்கெனக் கட்டிய குளம் இவ்வாறு சோற்றோடு கறியையும் வழங்கலாயிற்று.

இம்மீன் எந்த அளவுக்கு வேரூன்றியது என்பதை 1990 ஆம் ஆண்டின் நிகழ்வு காட்டியது. உயிர்க்கொலை பற்றிய சமய உணர்வு காரணமாக அரசு உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அவ்வாண்டு நிறுத்தியது. 1994 இல் அது மீண்டும் வழங்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உற்பத்தி வீழ்ந்து மீனவர் இன்னலுற்றனர். ஆயினும் மீன் அழியவில்லை. குஞ்சு கொண்டுவந்து விடுவார் இல்லாதபோதும் அது தானே பெருகியது. மனிதர் கொள்கை மாறலாம். ஒருமுறை குடிபுகுந்த உயிரினம் அக்கொள்கைக்குக் கட்டுப்படுவதில்லை.

இவ்விடத்து மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உலகின் மிகக் கொடிய ஊடுருவும் உயிரினங்கள் நூறு எனத் தொகுக்கப்பட்ட பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவும் இடம்பெற்றுள்ளது. அதேவேளை, தன் தாயகமான ஆபிரிக்க ஆறுகளில் அது அழிவை எதிர்நோக்கும் இனமாகவும் கணிக்கப்பட்டுள்ளது. அங்கு புகுத்தப்பட்ட நைல் திலாப்பியாவோடு அது கலந்து தன் தனித்தன்மையை இழந்து வருதலே காரணம். இலங்கைக் குளங்களிலும் நைல் திலாப்பியா பின்னர் விடப்பட்டது. இங்கும் இரண்டும் கலந்துள்ளன. ஏழையின் உணவாகி நன்மை புரிந்த மீனென்றும், பிறவிடங்களில் உள்ளூர் மீன்களை நெருக்கிய மீனென்றும் அதனை ஒருங்கே கூறவேண்டியுள்ளது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுதல் வரலாறாகாது.

திலாப்பியாவை அரசு எண்ணித் துணிந்து விட்டது. எண்ணாமல் விடப்பட்டவையும் உள. கண்ணாடித் தொட்டிகளுக்கென வந்த கத்திமீனும், தொட்டிக் கண்ணாடியைத் துப்புரவாக்கும் உறிஞ்சு மீனும் இன்று இலங்கை நீர்நிலைகளிற் பரவியுள்ளன. வளர்த்துச் சலித்த மீனை இரக்கத்தாற் குளத்தில் விடுவோர், 1952 இல் அரசு செய்த அதே செயலை ஆராய்வேதுமின்றிச் செய்கின்றனர்.

1986 ஏப்ரில் 20 ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. அக்கட்டு பின்னர் மீளக் கட்டப்பட்டது. பேரழிவாயினும் கட்டை மீளக் கட்டுதல் மனிதர்க்கு இயலும். நீரில் விட்ட உயிரினத்தை மீளப் பெறுதலோ எவர்க்கும் இயலாது. கையிலுள்ள மீனைப் புதிய நீரில் விடுமுன்னரே சிந்தித்தல் வேண்டும் என்பதே கந்தளாய்க் குளம் புகட்டும் பாடமாகும்.