லைபேஸ்: வாலில் வந்த பெயர்

கொழுப்பை உடைக்கும் நொதிக்கு லைபேஸ் என்று பெயர். அந்தப் பெயரை உடைத்தால் முன்பாதி கிரேக்கம்: 'லிப்போஸ்' என்றால் கொழுப்பு. பின்பாதியான 'ஏஸ்' தனியாக ஒரு பொருளும் தராது. அது இன்னொரு பெயரிலிருந்து அறுத்தெடுத்த வால்.

அந்த இன்னொரு பெயர் 1833-இல் பிறந்தது. பாயென், பெர்சோ என்ற பிரெஞ்சு வேதியியலர் இருவர் முளைகட்டிய பார்லியிலிருந்து மாவுச்சத்தைக் கரைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார்கள். மாவுமணியின் உறையை உள்ளீட்டிலிருந்து பிரித்துவிடுகிறது என்பதால், பிரிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 'டயாஸ்டேஸ்' என்றார்கள். பின்னால் வந்தவர்கள் அதன் கடைசி அசையை மட்டும் எடுத்துப் புதிய நொதிகளுக்கு ஒட்டினார்கள். 1898-இல் எமில் துக்லோ அதைப் பொதுவிதியாக்கினார்: நொதி எதைப் பிடிக்கிறதோ அதன் பெயர் முன்னால், 'ஏஸ்' பின்னால்.

கொழுப்பை உடைக்கும் நொதியின் வேலை பெயருக்கு முன்பே தெரிந்திருந்தது. முயலின் குடலில் பித்தநாளத்துக்கு வெகுகீழேதான் கணையநாளம் திறக்கிறது. கொழுப்பு ஊட்டிய முயலைக் கிளோட் பெர்னார் அறுத்துப் பார்த்தபோது, கணையநீர் சேரும் இடத்துக்குக் கீழேதான் நிணநாளங்கள் பால்போல வெளுத்திருந்தன. கொழுப்பைச் செரிக்கவைப்பதில் கணையநீருக்குள்ள பங்கை 1840களின் இறுதியில் அவர் நிறுவினார். 1896-இல் அன்ரியோ இரத்தத்தில் கண்ட ஒரு நொதிக்கு 'லைபேஸ்' என்று பெயரிட்டார்.

ஆனால் இந்தப் பெயர் எதை வெட்டுகிறது என்று சொல்லுமே தவிர, எங்கே வெட்டுகிறது என்று சொல்லாது. கொழுப்பு மூலக்கூறில் கிளிசரால் என்ற மூன்று கார்பன் தண்டும், கார்பனுக்கொன்றாக மூன்று கொழுப்பமிலங்களும் உண்டு. கணைய லைபேஸ் இரு ஓரங்களை வெட்டிவிட்டு நடுவிலிருப்பதை அப்படியே விட்டுவிடும். மிஞ்சுவது மோனோகிளிசரைடு.

இரண்டு ஓரங்களும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. வெவ்வேறு அமிலங்கள் அமர்ந்தால் மூலக்கூறு வலக்கை, இடக்கைபோல இருவகையாகிவிடும். குழப்பம் தீர 1960-இல் ஹிர்ஷ்மான் ஒரு வழி சொன்னார். தண்டை நிமிர்த்தி, நடு ஆக்சிஜன் இடப்பக்கம் வரும்படி வரைந்தால் மேலே இருப்பது 1, கீழே இருப்பது 3. 'எஸ்என்' என்ற முன்னொட்டு இந்த எண்முறைக்கு அடையாளம். இரைப்பை லைபேஸ் எஸ்என்-3 ஓரத்தையே அதிகம் நாடும். வெண்ணெயின் பியூட்டிரிக் அமிலம் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அந்த ஓரத்தில்தான்.

இடம் மாறினால் விளைவும் மாறும். தாய்ப்பாலில் பால்மிடிக் அமிலத்தின் பெரும்பகுதி நடுவில் இருக்கிறது. ஓரங்கள் வெட்டுப்பட்டபின் அது மோனோகிளிசரைடாகவே குடலில் உறிஞ்சப்படும். அதே அமிலம் ஓரத்தில் இருந்து கழன்றால் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பாகிவிடும். குழந்தைக்கு மலம் இறுகும், கால்சியமும் வீணாகும். கோகோ வெண்ணெய்க்கு ஈடான கொழுப்பு செய்பவர்களுக்கும் இந்தக் கணக்கு வேண்டும். நடுவிலுள்ள ஒலீயிக் அமிலத்தைத் தொடாமல், ஓரங்களில் மட்டும் ஸ்டீரிக் அமிலத்தை மாற்றிவைக்க வேண்டும்.

அதனால் அவர்கள் வெறும் லைபேஸ் கேட்பதில்லை. '1,3 லைபேஸ்' என்று எண்ணோடு சேர்த்தே கேட்கிறார்கள். துக்லோவின் விதி விட்டுவைத்த பாதியை அந்த எண் நிரப்புகிறது.